அளக்காத எண்ணை எழுதாதீர்கள்

இந்த ஆண்டு சிவில் இன்ஜினியரிங் வகுப்பில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

கல்லூரி திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். அதற்குள் உங்கள் விடுதி அறைக்கு ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு வந்து சேர்ந்திருக்கும். சீனியர் ஒருவர் கொடுத்தது. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. எல்லாச் சோதனைகளும் அதில் இருக்கும். எல்லா எண்களும் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்து இருக்கும். “இதைப் பார்த்து எழுதிடுப்பா, ரீடிங்கை மட்டும் அங்கங்கே கொஞ்சம் மாத்திக்கோ” என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த நோட்டை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் சிமென்ட் தூசியிலும் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கட்டடத் தொழிலில் நான் பார்த்த பெரிய தவறுகளின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தான் அளக்காத எண்ணைத் தாளில் எழுதிய கணம் தட்டுப்படும். அந்தப் பழக்கம் வேலைக்குப் போன பிறகு திடீரென்று வருவதில்லை. முதல் செமஸ்டரில், அடுத்தவர் நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து உட்காரும் இரவில்தான் அது கைக்குப் பழகுகிறது.

உங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. இரண்டு கத்திமுனைகளின் மேல் ஒரு சட்டத்தைக் கிடத்தி, நடுவில் எடைதாங்கியைத் தொங்கவிட்டு, ஐம்பது ஐம்பது கிராமாக ஏற்றுவீர்கள். சட்டத்தின் நடுவில் பொருத்திய குண்டூசியின் முனையை நகரும் நுண்ணோக்கியில் பார்த்து, சட்டம் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்வீர்கள். யங் குணகம் காணும் சோதனை. கண் வலிக்கும். குண்டூசி தலைகீழாகத் தெரியும். கையை எடுத்தால் குறி நகர்ந்துவிடும். அரைமணி நேரம் போராடி இரண்டு மூன்று ரீடிங் எடுத்தபின், மீதியைக் கூட்டிக் கழித்து நிரப்பிவிட்டு எழுந்துவிடத் தோன்றும்.

எழுந்துவிடாதீர்கள். அந்தச் சட்டம்தான் உங்கள் வாழ்க்கையின் முதல் பீம். நாளை நீங்கள் ஒரு வீட்டின் கூடத்துக்குக் குறுக்கே போடப்போகும் பீமும் இதே விதிக்குத்தான் கட்டுப்படும். இந்தச் சோதனைக்கான சூத்திரத்தில் நீளம் மும்மடியாக வருகிறது, தடிமனும் மும்மடியாக வருகிறது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் இறக்கம் எட்டு மடங்காகும். தடிமனைப் பாதியாக்கினாலும் எட்டு மடங்காகும். 6 மில்லிமீட்டர் தடிமனைத் திருகு அளவியில் பார்க்கும்போது 0.2 மில்லிமீட்டர் தவறினால், விடை ஏறக்குறைய 10 சதவீதம் தவறிவிடும். இதைப் பாடமாகப் படித்தால் தேர்வு முடியும்வரை நினைவிருக்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஐம்பது கிராம் ஏற்றியதும் குண்டூசி முனை மெல்ல இறங்குவதைப் பார்த்தவருக்கு அது சாகும்வரை மறக்காது. ரெக்கார்டைப் பார்த்து எழுதுபவர் இழப்பது அந்தக் காட்சியை.

அடுத்த ஆண்டு சர்வே வரும். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவீர்கள். ஒருவர் ஸ்டாஃபைப் பிடிப்பார், ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். புறப்பட்ட பெஞ்ச்மார்க்குக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும். கிளம்பும்போது மட்டம் 100.000 என்று எடுத்துக்கொண்டால், திரும்பி வந்ததும் அதே எண் வர வேண்டும். வராது. 100.012 வரும். அப்போது மரத்தடியில் உட்கார்ந்து கடைசி ரீடிங்கில் 12 மில்லிமீட்டரைச் சரிசெய்து, பிழையே இல்லாததாகக் காட்டிவிடலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். நான்கு பேர் சிரிப்பார்கள். பசி வேறு இருக்கும்.

அந்த 12 மில்லிமீட்டர் உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வந்திருக்கிறது. ஸ்டாஃப் சாய்ந்திருக்கலாம், முக்காலி மண்ணில் புதைந்திருக்கலாம், யாரோ ஒரு எண்ணை மாற்றிக் கேட்டிருக்கலாம். செய்தி கொண்டுவந்தவனைக் கொன்றுவிடாதீர்கள். “பிழை 12 மி.மீ.” என்று எழுதி, எங்கே நேர்ந்திருக்கும் என்று தேடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். பிழையோடு கூடிய உண்மையான எண்ணை வைத்து ஒரு சாக்கடையைச் சரியான சரிவில் போட முடியும். பிழையே இல்லாத பொய் எண்ணை வைத்துப் போட்டால், முதல் மழையிலேயே தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும்.

நீங்கள் பிறந்த மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-இல் சென்னையில் தொடங்கிய ஒரு சர்வே பள்ளி. கட்டக் கற்பதற்கு முன் அளக்கக் கற்றார்கள். 1802-இல் சர்வேயர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் தன் முதல் அடிக்கோட்டை அளந்தார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளம். நூறடிச் சங்கிலியை வைத்து அளந்து முடிக்க 57 நாள் ஆனது. துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் சர்வேக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. அந்த ஒரு கோட்டில் பிழை இருந்திருந்தால், அதன் மேல் எழுப்பிய முக்கோணங்கள் எல்லாவற்றிலும் அது பரவியிருக்கும். அதற்காகத்தான் 57 நாள். உங்களிடம் கேட்பது மூன்று மணி நேர ஆய்வக வகுப்பைத்தான்.

மாணவர்கள் ஏன் எண்ணை இட்டுக்கட்டுகிறார்கள்? சோம்பலால் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் பயத்தால்தான். கணக்கு என்றாலே ஒரு நடுக்கம். தான் எடுத்த ரீடிங் தப்பாக இருக்கும், சீனியரின் ரீடிங் சரியாக இருக்கும் என்ற எண்ணம். இந்தப் பயத்தைப் போக்காமல் நேர்மையைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. எண்ணோடு பழகியவர்தான் எண்ணுக்கு உண்மையாக இருக்க முடியும்.

எனவே முதல் பழக்கம் இது. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் விடை எவ்வளவு வரும் என்று மனதில் ஒரு மதிப்பீடு போடுங்கள். 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை. கூரை 125 மில்லிமீட்டர் தடிமன். பரப்பு 20 சதுர மீட்டர், அதை 0.125-ஆல் பெருக்கினால் கான்கிரீட் 2.5 கனமீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ. ஆகவே அந்தக் கூரையின் எடை 6,250 கிலோ. வளர்ந்த யானை ஒன்றைவிட அதிகம். கான்கிரீட் இறுகும்வரை அந்த எடை முழுவதையும் சுமப்பது சென்ட்ரிங் பலகையும் அதன் கீழ் நிற்கும் முட்டுகளும். இப்போது சொல்லுங்கள், “நாலு முட்டைக் குறைச்சுக்கலாம் சார்” என்று ஒருவர் கேட்டால், உங்கள் வாயில் என்ன பதில் வரும்? எடை தெரிந்தவருக்குத்தான் பதில் தெரியும்.

தசமப் புள்ளி ஒரு இடம் நகர்ந்து 25 கனமீட்டர் என்று விடை வந்தால், பார்த்த மாத்திரத்தில் உறுத்த வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் கனமீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமென்ட் பிடிக்கும். அப்படியென்றால் இந்த ஓர் அறைக்கு இருபது மூட்டை. இருநூறு மூட்டை என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தால், எழுதியவருக்கு எண்ணும் தெரியாது, மூட்டையும் தெரியாது என்று ஆகிவிடும்.

இரண்டாவது பழக்கம், அலகை எண்ணோடு சேர்த்தே எழுதுவது. நம் தொழில் பல மொழி பேசுகிறது. வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும். கொத்தனார் அடி, அங்குலம் என்பார். தச்சர் நூல் என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மணல் லாரிக்காரர் யூனிட் என்பார். அது நூறு கன அடி, ஏறத்தாழ 2.83 கனமீட்டர். நிலம் விற்பவர் சென்ட் என்பார், சென்னையில் கிரவுண்டு என்பார். இவர்கள் எல்லோரும் ஒரே வேலையைப் பற்றிப் பேசும்போது நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியவர் நீங்கள். “நீளம் 12” என்று எழுதிய குறிப்பு யாருக்கும் உதவாது. அடியா, மீட்டரா?

மூன்றாவது பழக்கம், சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறையாவது தேடிப் பார்ப்பது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்து 0.89 கிலோ. சைட்டில் இருக்கும் எல்லோருக்கும் இது மனப்பாடம். 162 ஏன்? வட்டத்தின் பரப்பையும் எஃகின் அடர்த்தியான கனமீட்டருக்கு 7,850 கிலோவையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் 162 உங்கள் கண் முன்னே பிறக்கும். பிறந்ததைப் பார்த்தவர் அதைத் தவறான இடத்தில் பயன்படுத்த மாட்டார். அலுமினியக் கம்பிக்கு 162 போடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு ஆண்டில் மென்பொருள் பழகுவீர்கள். ஸ்டாட் வரும், ஈடாப்ஸ் வரும். நல்ல கருவிகள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தவறாகக் கேட்ட கேள்விக்கும் அவை நான்கு தசம இடம்வரை பதில் தரும். அந்தப் பதிலைப் பார்த்து “இது இப்படி வராதே” என்று சொல்லத் தெரிந்தவர்தான் பொறியாளர். அந்தச் சொல் எழுவதற்குத் தாளில் கையால் போட்ட நூறு கணக்குகள் பின்னால் இருக்க வேண்டும்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் எழுத்துகள் மிரட்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய சொல் வந்தால், அதற்குப் பக்கத்தில் தமிழில் பொருளும் ஒரு சின்னப் படமும் போடுங்கள். ‘ஷியர்’ என்றால் கத்தரிக்கோலால் வெட்டுவது போன்ற விசை. படம் போட்டால் இரண்டு அம்புகள், எதிரெதிரே. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஒரு செமஸ்டரில் புத்தகம் உங்களுக்கு வழிவிடும். புரியாததைப் புரியாமலேயே மனப்பாடம் செய்து பரீட்சையில் இறக்கிவைப்பது மட்டும் வேண்டாம். அப்படி வாங்கிய மதிப்பெண், வேலைக்குப் போகும் நாளில் கூட வராது.

ஐ.எஸ். 456 என்ற எண்ணை அடிக்கடி கேட்பீர்கள். கான்கிரீட் வேலைக்கான நம் நாட்டு விதிநூல். இப்போதே நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘ஷல்’ என்று இருந்தால் அது கட்டாயம். ‘ஷுட்’ என்று இருந்தால் பரிந்துரை. ஒரு சொல்லில் எவ்வளவு வித்தியாசம்! கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வார்க்கும் மூன்று க்யூப்களின் சராசரியைச் சோதனை முடிவாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் அந்த நூல், தனித்தனி முடிவுகள் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்றும் சொல்கிறது. அதாவது எண்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும் என்பது விதிநூலுக்கே தெரியும். மூன்று க்யூபும் ஒரே எண்ணைக் காட்டும் ரெக்கார்டைப் பார்த்தால் அனுபவசாலிக்குச் சந்தேகம்தான் வரும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு கூரை போட்டு 18 நாள்தான் ஆகியிருந்தது. பில் போக வேண்டும் என்று, 28-ஆம் நாள் க்யூப் முடிவை ரெஜிஸ்டரில் எழுதித் தரச் சொன்னார் மேலே இருந்தவர். எழுதினேன். 26.2, 25.8, 26.5. கை நடுங்கவில்லை. ஏன் நடுங்க வேண்டும்? நான்கு ஆண்டுகள் அதே கை ரெக்கார்டு நோட்டில் அதைத்தானே செய்துவந்தது! எழுதி முடித்து வெளியே வந்தேன். அந்த மூன்று க்யூப்களும் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கிடந்தன. ஒன்றின் மேல் பெயின்ட்டால் தேதி எழுதியிருந்தது. என் கையெழுத்து. அந்தத் தேதியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கலவையை ஒழுங்காகப் போட்ட கொத்தனாரும், வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றிய சித்தாளும் அதை நிற்கவைத்திருக்கிறார்கள். என் எண் அதற்கு எதுவும் செய்யவில்லை. கலவை கெட்டிருந்தால், அதை யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்திருக்கும்.

அந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தொழிலுக்குப் போகும் முன்பே தொழிலாளிகளிடம் படிக்கத் தொடங்குங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்களா, போய் நில்லுங்கள். கொத்தனார் மனையில் மூலை பிடிப்பதைக் கவனியுங்கள். ஒரு நூலில் மூன்றடி, குறுக்கு நூலில் நான்கடி அடையாளம் வைப்பார். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஐந்தடி வரும்வரை நூலை நகர்த்துவார். வந்துவிட்டால் மூலை செங்கோணம். நீங்கள் பித்தாகரஸ் என்று பள்ளியில் படித்ததை அவர் தினமும் காலையில் செய்கிறார். வெறும் குழாயில் தண்ணீரை நிரப்பி, வீட்டின் நான்கு மூலைக்கும் ஒரே மட்டம் எடுப்பார். “அண்ணே, இதை எனக்கும் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்டவரைக் கைவிட்ட கொத்தனாரை நான் பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய திமிரில் கேட்காமல் நின்றவர்களைத்தான் அவர்கள் கண்டுகொள்வதில்லை.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. பெண் பிள்ளைக்கு சைட் வேலை சரிப்படாது என்று வீட்டிலும் வெளியிலும் சொல்வார்கள். நம் ஊரில் கல்லும் மண்ணும் கலவையும் பெண்கள் தலையில்தான் காலங்காலமாக மேலே ஏறுகின்றன. சுமக்க மட்டும் அவர்கள், சொல்ல வேறு ஆளா? தயங்காமல் இறங்குங்கள்.

கொத்தனாரிடம் கற்க வேண்டும் என்றேன். அவரிடம் மறுக்கவும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் தொழில் பண்பு. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கலவை இறுக்கமாக இருக்கிறது, கரணையில் இழுக்க வரவில்லை என்று ஒருவர் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்ப்பார். பத்து லிட்டர். தண்ணீருக்கும் சிமென்ட்டுக்குமான விகிதம் 0.5-லிருந்து 0.7-க்குத் தாவிவிட்டது. மிகச் சாதாரணமான சூழலில்கூடக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 0.55-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. ஒரு வாளியில் தாண்டியாகிவிட்டது. மதிய வெயிலில் பதினைந்து பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, “வேண்டாம் அண்ணே, இந்தக் கலவையைக் கூரையில் போடக்கூடாது” என்று சொல்ல வேண்டும். குரல் உயர வேண்டியதில்லை. எண் தெரிந்திருந்தால் போதும், குரல் தானாக நிற்கும்.

பால்கனியைப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் தடிமனில் 10 மில்லிமீட்டர் கம்பி, அதற்கு மேலே கவராக 20 மில்லிமீட்டர் கான்கிரீட். அடியிலிருந்து கம்பியின் நடுவுக்கு 95 மில்லிமீட்டர். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் பாண்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பியின் மேலேயே நடப்பார்கள். தாங்கிப் பிடிக்க சேர் கம்பி வைக்கவில்லை என்றால், 40 மில்லிமீட்டர் அமுங்கி 55-க்கு வந்துவிடும். பலத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போய்விட்டது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசி, வெள்ளையடித்து, பூந்தொட்டி வைத்துவிடுவார்கள். ஒரு பண்டிகை நாளில் பத்துப் பேர் சேர்ந்து அதில் நிற்பார்கள். கான்கிரீட் விழுவதற்கு முந்தின நிமிடம் டேப்பை வைத்து அளப்பவர் ஒருவர் அங்கே இருந்தாரா என்பதுதான் அந்தப் பத்துப் பேரின் தலையெழுத்து.

பள்ளம் தோண்டும் வேலையிலும் அப்படித்தான். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கவாட்டில் பலகை கொடுத்து முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். “பத்து நிமிஷ வேலைதான் சார்” என்பார்கள். சரிவதற்கு மண்ணுக்குப் பத்து நிமிடம் தேவையில்லை.

எண்ணைத் திரும்பிப் பார்க்காததால் என்ன நடக்கும் என்பதை உலகம் பலமுறை பார்த்துவிட்டது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று சரிந்தது. 75 தொழிலாளிகள் இறந்தார்கள். பாலத்தின் நடு நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டியிருந்தார்கள். கூடிய நீளத்துக்கு ஏற்றபடி பாலத்தின் சொந்த எடையை உரிய நேரத்தில் மறுபடி கணக்கிடவில்லை. கனடாவில் படித்து முடிக்கும் பொறியாளர்கள் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, எழுதும் கையின் சுண்டுவிரலில் ஒரு சின்ன வளையம் அணிகிறார்கள். 1925-இல் தொடங்கிய வழக்கம். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த வளையம் தாளில் உரசும்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1981 ஜூலை 17 அன்று ஒரு ஹோட்டல் கூடத்தில் தொங்கு நடைபாதைகள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக முதலில் வரைந்திருந்தார்கள். வேலைக்கு எளிது என்று பிறகு இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் மேல் நடைபாதையின் இணைப்பு, கீழ் நடைபாதையின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டி வந்தது. சுமை இரட்டிப்பு. மாற்றிய வரைபடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே ஒப்புக்கொண்டார்கள். முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ் வகுப்பில் ‘ஃப்ரீ பாடி டயகிராம்’ என்று போடுவீர்களே, அந்தப் படத்தை ஒரு தாளில் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் முதலில் குடியேறுபவர்கள் அதைக் கட்டுபவர்கள்தான். அது சரிந்தால் முதலில் சாகிறவர்களும் அவர்கள்தான். கம்பி கட்டுபவரின் குழந்தை சென்ட்ரிங்குக்குக் கீழே சேலைத் தூளியில் தூங்குவதை ஒரு நாள் நீங்கள் பார்ப்பீர்கள். மேலே 6,250 கிலோ. நீங்கள் எழுதிய எண்ணை நம்பித்தான் அந்தக் குழந்தை தூங்குகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். வீணாகப் போகிற பொருளுக்கே அளவு வேண்டும் என்றால், மனிதர்கள் படுத்துறங்கும் கூரைக்கு எவ்வளவு வேண்டும்!

நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே டேப் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அறையின் நீளம், அகலம், கதவு, சன்னல், படிக்கட்டின் உயரம் எல்லாவற்றையும் முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதுங்கள். பிறகு அளந்து எழுதுங்கள். இரண்டு எண்களும் நெருங்கி வரும்வரை தினமும் செய்யுங்கள். ஆய்வகத்தில் நீங்களே பார்த்த எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், அழித்துவிட்டு எழுதாதீர்கள். விடை புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், “பொருந்தவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம்” என்று எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். இரண்டு மதிப்பெண் குறைந்து எந்தக் கட்டடமும் விழுந்ததில்லை.

அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலம் தாமதமாக வந்தாலும் வந்துவிடும். பொய் எண் எழுதிப் பழகிய கையைத் திருத்துவது மட்டும் மிகக் கடினம். எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உங்கள் கை இன்னும் புதிது.

அந்தப் பழைய நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாளைக் காலை ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வையுங்கள். ஐம்பது கிராம் ஏற்றுங்கள். குண்டூசி முனை எங்கே நிற்கிறதோ, அதை எழுதுங்கள்.